பதினைந்து கோடும் ஒரு முதனிலையும்

திருப்பூர் 15 வேலம்பாளையத்தில் நிட்டிங் போட்டிருக்கும் நண்பர் ஒருவர் ஒரு கோட்டுத்துணி ஆர்டரை வைத்துக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தார். கருப்பும் வெள்ளையும்தான் நிறம். பையர் சொன்னது ஒரே வரி: கோடு ஒழுங்காக இருப்பதுபோல் கண்ணுக்குப் படக்கூடாது. சொல்வதற்கு எளிது. வட்ட நிட்டிங் மெஷினில் ஒவ்வொரு ஃபீடருக்கும் ஒரு கோன் நூல் போகும். மெஷின் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால், எத்தனை ஃபீடரோ அத்தனை கோர்ஸ், அதாவது அத்தனை கண்ணி வரிசை, துணி இறங்கும். 30 இன்ச் டயா மெஷின், இன்ச்சுக்கு 3 ஃபீடர், ஆக 90. அடுத்த சுற்றில் அதே 90 கோனும் அதே வரிசையில் திரும்ப வரும். ஆகவே கோட்டின் ரிப்பீட் 90-ஐ மீதியில்லாமல் வகுக்க வேண்டும். ஆனால் ரிப்பீட் இருப்பதே தெரியவும் கூடாது.

“ஏனுங், கணக்குல இதுக்கு ஏதாவது வழி இருக்குதுங்ளா?” என்றார்.

இருக்கிறது, பிரிமிட்டிவ் பாலினாமியல் என்று பெயர் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. “பிரிமிட்டிவ்னா ஆதிகாலத்துதுங்ளே. பையரு புது டிசைன் கேக்கறானுங்.”

அகராதியைப் புரட்டினால் அவர் சொன்னதுதான் இருக்கும். ஆதிகால, பண்டைய, பண்படாத. கணிதத்தில் அந்தச் சொல் நிற்கும் இடத்தில் இவற்றில் ஒன்றும் பொருந்தாது. அங்கே ‘பிரிமிட்டிவ்’ என்பது இலக்கண வகுப்பிலிருந்து வந்து உட்கார்ந்த சொல். அதற்கு நேரான தமிழ்ச்சொல்லும் இலக்கண வகுப்பில்தான் இருக்கிறது. அதைத் தேடிக்கொண்டு போன வழி இது, கொஞ்சம் சுற்றுவழி.

முதலில் பாலினாமியல். யூக்ளிட் தம் பத்தாம் புத்தகத்தில், ஒன்றாகச் சேர்த்துச் சுருக்க முடியாத இரண்டு நீளங்களின் கூட்டுக்கு ‘இரண்டு பெயர்களிலிருந்து ஆனது’ என்று பெயர் வைத்தார். ஒன்றும் இரண்டின் வர்க்கமூலமும் சேர்ந்தால், அந்தத் தொகையை ஒரே பெயரால் சொல்ல முடியாது. இரண்டு பெயர் வேண்டும். லத்தீனில் அது ‘பினோமியம்’ ஆயிற்று. பிறகு இரண்டு பலவாக, ‘பாலினாமியல்’ வந்தது. ‘பாலி’ கிரேக்கம், பின்பாதி லத்தீன். உடம்பு ஒரு நிறமும் கை ஒரு நிறமுமாகத் தைத்த ராக்லன் பனியன் மாதிரி ஒட்டுச்சொல். பொருள்: பல பெயர்.

தமிழ் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. பெயரை விட்டுவிட்டு உடம்பைப் பிடித்தது: பல்லுறுப்புக் கோவை. பல உறுப்புகளைக் கோத்தது. ஊசியில் நூல் கோக்கிறோமே, அதே கோத்தல். கோவை என்றால் கோத்த வரிசை. நானூறு பாட்டை ஒரு காதல் கதையின் படிவரிசையில் கோத்துச் சொல்லும் சிற்றிலக்கியத்துக்கும் கோவை என்றுதான் பெயர். அங்கே ஒரு பாட்டை இடம் மாற்றி வைத்தால் கதை கெடும். இங்கே ஒரு கெழுவை இடம் மாற்றினால் கோவையே வேறாகிவிடும். கெழு என்பதும் அழகான எடுப்பு. ‘வளங்கெழு’, ‘நாடுகெழு’ என்று சங்கப் பாட்டில் இரண்டு சொற்களுக்கு நடுவே நின்று ஒன்றையொன்று சேர்ந்திருக்கச் செய்யும் சொல் அது. மாறியோடு ஒட்டி நின்று அதைப் பெருக்கும் எண்ணுக்கு அதைப் பெயராக வைத்தவர் யாரோ, பாட்டும் கணக்கும் தெரிந்தவர். இலங்கையில் இதைக் குணகம் என்பார்கள். அதுவும் சரிதான், ஆனால் கெழுவில் உள்ள நெருக்கம் அதில் இல்லை.

திருப்பூரில் மட்டும் ஒரு சிக்கல். 2009 பிப்ரவரி வரை இந்த ஊர் கோவை மாவட்டத்தில்தான் இருந்தது. பல்லுறுப்புக் கோவை என்றால் ‘எந்தக் கோயமுத்தூருங்?’ என்று கேட்க இங்கே ஆளுண்டு.

இனி ‘பிரிமிட்டிவ்’.

1770-களில் ஆய்லர் ஒரு கேள்வியில் இறங்கினார். ஏழால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்வோம். 2-ஐ எடுத்து அதன் அடுக்குகளைப் பார்த்தால் 2, 4, 1. மூன்றே அடியில் ஒன்றுக்குத் திரும்பிவிடுகிறது. 3, 5, 6 மூன்றையும் தொடவே இல்லை. 3-ஐ எடுத்தால் 3, 2, 6, 4, 5, 1. ஆறு மீதிகளும் ஒன்று விடாமல் வந்து, பிறகுதான் ஒன்றுக்குத் திரும்புகிறது. மூன்றிலிருந்து எல்லாம் பிறக்கின்றன. இரண்டிலிருந்து பாதிதான் பிறக்கின்றன. மூன்று போன்றவற்றுக்கு ஆய்லர் லத்தீனில் ‘ராடிக்ஸ் பிரிமிடிவா’ என்று பெயரிட்டார். ராடிக்ஸ் என்றால் வேர். தமிழில் வேரை மூலம் ஆக்கிவிட்டோம். ‘மூலம் காண்க’ என்று வினாத்தாளிலும் ‘மூலம், பவுத்திரம்’ என்று அவிநாசி ரோட்டுச் சுவரிலும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

‘பிரிமிடிவா’வுக்கு வருவோம். ஆய்லர் காலத்தில் லத்தீன் படித்த யாரும் அந்தச் சொல்லைக் கணக்கில் முதலில் சந்தித்திருக்க மாட்டார்கள். கான்ஸ்டான்டிநோபிளில் ஆறாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பிரிசியன் எழுதிய பெரிய இலக்கணம் சொற்களை இரண்டாகப் பிரிக்கிறது. வேறு சொல்லிலிருந்து பிறக்காமல் தானே நிற்பது ஒரு வகை, அது ‘பிரிமிடிவா’. அதிலிருந்து பிறந்தது இன்னொரு வகை, அது ‘டெரிவடிவா’. ஐரோப்பாவில் ஆயிரம் வருஷம் பையன்கள் இந்த ஜோடியை மனப்பாடம் செய்தார்கள். எண்களில் ஒன்று மற்றதையெல்லாம் பெறுகிறது என்று கண்ட ஒருவருக்கு வாயில் வரக்கூடிய சொல் அதுதான். பழமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிறக்காதது, பெறுவது.

1801-இல் வந்த காஸின் ‘டிஸ்குவிசிசியோனஸ் அரித்மெட்டிகே’யில் இந்தச் சொல் இரண்டு இடத்தில் இரண்டு வேலை செய்கிறது. பிற்பாடு மாணவர்களைக் குழப்பிய குழப்பமெல்லாம் இங்கிருந்துதான் ஆரம்பம். 57-ஆம் பிரிவில் ஆய்லர் பெயரைச் சொல்லி ‘ராடிசஸ் பிரிமிடிவே’ என்று அதே பொருளில் எடுத்துக்கொள்கிறார். நூலின் பின்பகுதியில் இருபடி வடிவங்களை வகைப்படுத்தும்போது, கெழுக்களுக்குப் பொதுக் காரணி இல்லாத வடிவத்துக்கும் பிரிமிடிவா என்றே பெயரிடுகிறார். 6ம² + 10ம + 15 என்பதில் மூன்று கெழுவுக்கும் பொதுவாக எடுக்க ஒன்றுமில்லை, அது பிரிமிட்டிவ். 6ம² + 10ம + 14 என்றால் இரண்டை வெளியே எடுத்துவிடலாம். அது இன்னொன்றை இரண்டால் பெருக்கிப் பெற்றது. (மாறிக்கு ‘ம’ என்று போட்டிருக்கிறேன். பழக்கமான ஆங்கில எழுத்து இல்லாமல் சிலருக்குக் கண் உறுத்தும். இரண்டு பத்தி தாண்டினால் பழகிவிடும்.)

ஆக இன்றைக்கு ஒரே பெயரில் இரண்டு கோவைகள் உலவுகின்றன. கெழுக்களுக்குப் பொதுக் காரணி இல்லாதது ஒன்று. முடிவுள்ள களம் என்கிற எண்கூட்டத்தில் எல்லாவற்றையும் பெற்றெடுப்பது மற்றொன்று. கல்லூரியில் முதலாவதைப் படித்துவிட்டு இரண்டாவதற்குள் போகும் பிள்ளை, ‘இது அதுதானே?’ என்று தடுமாறாமல் இருந்ததில்லை. இரண்டும் ஒன்றல்ல, ஆனால் இரண்டும் பிரிசியனின் பிள்ளைகள். ஒன்று, ‘வேறெதிலிருந்தும் பெறப்படாதது’ என்ற பாதியை எடுத்துக்கொண்டது. மற்றது, ‘எல்லாவற்றையும் பெறுவது’ என்ற பாதியை எடுத்துக்கொண்டது. பாகப்பிரிவினையில் வீடு அண்ணனுக்கும் தோட்டம் தம்பிக்கும் போய், வீட்டுப்பெயர் மட்டும் இருவருக்கும் பொதுவாக இருப்பதைப் போல.

எண்களிலிருந்து கோவைக்கு இந்தச் சொல் இறங்கியது 1830-இல். எவாரிஸ்ட் கால்வாவுக்கு அப்போது வயது பதினெட்டு. இன்னும் இரண்டு வருஷத்தில் ஒரு துப்பாக்கிச் சண்டையில் சாகப்போகிறார். ஏழின் மீதிகளை வைத்துக்கொண்டு, அவற்றில் தீர்வே இல்லாத ஒரு முப்படிச் சமன்பாட்டுக்கு ஒரு கற்பனை மூலத்தைச் சேர்த்தார். ஏழு எண்கள் 343 ஆக விரிந்தன. அந்த 343-இல் பூஜ்யம் நீங்கிய 342-ஐயும் தன் அடுக்குகளாலேயே பெற்றுத்தரும் ஒன்றைத் தேடிப்பிடித்து, அது எந்தக் கோவையின் மூலம் என்றும் எழுதினார்: ம³ − ம + 2. முதல் பிரிமிட்டிவ் கோவைகளில் ஒன்று என்று இதைச் சொல்லலாம். அப்படிப்பட்ட எண்கூட்டத்துக்கு டெடெகிண்ட் 1871-இல் ஜெர்மனில் ‘உடல்’ என்று பெயர் வைத்தார். 1893-இல் சிகாகோவில் மூர் அதை ஆங்கிலத்தில் ‘ஃபீல்ட்’ ஆக்கினார். நாம் களம் என்கிறோம். கொங்கு நாட்டில் களம் என்றால் சோளம் அடிக்கிற இடம். எதைக் கூட்டினாலும் பெருக்கினாலும் அதற்குள்ளேயே விழும் இடத்துக்கு அந்தப் பெயர் பொருந்தித்தான் போகிறது.

இதெல்லாம் எண்ணைப் பிடித்துத் திரிந்தவர்களின் வேலை. நூலைப் பிடித்துத் திரிந்தவர்கள் இதே விஷயத்தை வேறு வாசல் வழியாகத் தொட்டிருந்தார்கள். பனியன் கழுத்தில் தைக்கிற சாட்டின் லேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். சாட்டினின் வழுவழுப்புக்குக் காரணம், பாவும் ஊடையும் கட்டிக்கொள்ளும் புள்ளிகள் ஒன்றையொன்று ஒட்டி விழாமல் சிதறிக் கிடப்பது. ஐந்து இழை சாட்டினில் இரண்டிரண்டாகத் தாவினால் 1, 3, 5, 2, 4. ஐந்து இழையும் ஒருமுறை கட்டப்பட்டுவிட்டது. ஆறு இழையில் இரண்டாகத் தாவினால் 1, 3, 5 முடிந்து மறுபடி 1. மூன்றாகத் தாவினால் 1, 4, மறுபடி 1. ஒன்றோ ஐந்தோ தாவினால் எல்லா இழையும் வரும், ஆனால் கோணலாகச் சரிந்த ட்வில் ஆகிவிடும். ஆகவே ஆறு இழையில் ஒழுங்கான சாட்டின் கிடையாது. தறிக்காரர் கையில் இருந்த இந்த அறிவை 1867-இல் எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் எண் கணிதமாக எழுதினார். ஹனோய் கோபுரப் புதிரைப் பின்னால் உலகுக்குக் கொடுத்த அதே லூக்கா. சாட்டினில் கூட்டல் தாவுகிறது. ஆய்லரில் பெருக்கல் தாவுகிறது. கேள்வி ஒன்றே: திரும்பி வருவதற்குள் எல்லாரையும் பார்த்துவிட்டாயா?

நண்பரின் துணிக்கு வேண்டியதும் அதுதான். ம⁴ + ம + 1 என்ற கோவையை எடுத்து, கருப்பை 1 என்றும் வெள்ளையை 0 என்றும் வைத்துக்கொண்டோம். 1-உம் 1-உம் சேர்ந்தால் 0. விதியை நிட்டிங் பாஷையில் சொன்னால்: அடுத்த கோடு என்ன நிறம் என்று தெரிய, நாலு கோட்டுக்கு முந்தினதையும் மூன்று கோட்டுக்கு முந்தினதையும் பார், இரண்டும் ஒரே நிறமென்றால் வெள்ளை, வேறு வேறென்றால் கருப்பு. கருப்பு, வெள்ளை, வெள்ளை, வெள்ளை என்று ஆரம்பித்துவிட்டால் மீதியைக் கோவையே போட்டுக்கொள்ளும்.

1 0 0 0 1 0 0 1 1 0 1 0 1 1 1

பதினைந்து கோடு. பதினாறாவதிலிருந்து அச்சு மாறாமல் திரும்ப ஆரம்பிக்கும். இந்தப் பதினைந்தில் எந்த இடத்திலிருந்தும் அடுத்தடுத்து நான்கு கோட்டை எடுத்துப் பாருங்கள். அதே நாலு வேறெங்கும் இருக்காது. நாலு கோட்டில் கருப்பு வெள்ளையாக அமையக்கூடிய வகை மொத்தம் பதினாறு. முழு வெள்ளை ஒன்றை விட்டால் (அது வந்தால் அதிலேயே மாட்டிக்கொள்ளும்) மீதிப் பதினைந்தும் ஒவ்வொரு முறை வந்து போகின்றன. கண் ஒரு தாளத்தைப் பிடிக்கப் பார்க்கும். பிடிக்குமுன் தாளம் மாறிவிடும். பதினைந்து 90-ஐ ஆறு தரம் வகுக்கவும் செய்யும். ஊர்ப்பெயரிலேயே 15 இருக்கும்போது வேறெங்கே போவது?

இப்போது கோவையை லேசாக மாற்றினேன்: ம⁴ + ம³ + ம² + ம + 1. முந்தின நாலு கோட்டையும் கூட்டு என்று விதி. அதே தொடக்கத்தில் 1 0 0 0 1, பிறகு மறுபடியும் 1 0 0 0 1. ஐந்தே கோட்டில் முடிந்துவிட்டது. நண்பர் இதைப் பார்த்துவிட்டு, “இது பள்ளிக்கூடத்து யூனிஃபார்முங்” என்றார். இத்தனைக்கும் இரண்டு கோவையும் பகாதவை. 0, 1 மட்டும் உள்ள கணக்கில் இந்த இரண்டில் எதையும் சிறிய காரணிகளாக உடைக்க முடியாது. நாலாம் படியில் பகாக் கோவை மூன்றுதான் உண்டு. அதில் இரண்டு எல்லாவற்றையும் பெறுகின்றன, ஒன்று பெறுவதில்லை. உடையாமல் இருப்பது மட்டும் போதாது.

இங்கேதான் எனக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. பகா எண் என்று பள்ளியில் சொல்கிறோமே, அந்தப் ‘பகா’வைச் சொல்லுக்கு அடைமொழியாக வைத்துப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே பதவியலில் எழுதியவர் பவணந்தியார். பவணந்தியாரைப் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று கொங்கு நாட்டில் சொல்வார்கள். விசயமங்கலத்துச் சமணக் கோயிலையும் அவரோடு சேர்த்துப் பேசுவார்கள். திருப்பூரிலிருந்து ஒரு டவுன் பஸ் தூரம். பிரிக்க முடியாத சொல் பகாப்பதம். பிரிக்க முடிந்தது பகுபதம். பகுபதத்தை உடைத்தால் கிடைப்பவற்றுக்கு இலக்கணத்தில் பெயர் உறுப்பு: பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஆறு. பல்லுறுப்புக் கோவையின் உறுப்பும் பகா எண்ணின் பகாவும் ஒரே இயலில் அருகருகே நிற்கின்றன. கலைச்சொல் ஆக்கியவர்கள் இதை மனத்தில் வைத்தே செய்தார்களா, கைபோன வழியில் வந்ததா, தெரியாவிட்டால் என்ன, பொருந்தியிருக்கிறது.

இந்த ஊர்ச் சொல்லையே உடைப்போம். பின்னினான்: பின்னு, இன், ஆன். ‘பின்னு’வை இனி உடைக்க முடியாது, அதுதான் பகுதி. அதற்கு இன்னொரு பெயர் முதனிலை. முதனிலைத் தொழிற்பெயர் என்று பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு மறந்தோமே, அந்த முதனிலை. பின்னுவிலிருந்து பின்னினான், பின்னுவார், பின்னல், பின்னலாடை எல்லாம் வருகின்றன, திருப்பூரே வருகிறது. இப்போது ‘மற்று’ என்ற சொல்லைப் பாருங்கள். அதுவும் பகாப்பதம்; இடைச்சொல். உடைக்க முடியாது. ஆனால் அதற்கு ‘மற்றினான்’ கிடையாது, ‘மற்றுவாள்’ கிடையாது. பகாதது, ஆனால் வினையொன்றையும் பெறாதது. முதனிலை எல்லாம் பகாதது. பகாதது எல்லாம் முதனிலை இல்லை.

ம⁴ + ம + 1 பின்னு. ம⁴ + ம³ + ம² + ம + 1 மற்று.

பிரிசியனுக்கும் பவணந்திக்கும் நடுவே எழுநூறு வருஷம். ஒருவர் இருப்பதே மற்றவருக்குத் தெரியாது. ஆனால் பிரிசியனின் பிரிமிடிவாவுக்கு மிக நெருங்கிய சொல்லை நம்மவர் பகாப்பதம், முதனிலை என்று இரண்டு சொல்லாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஐரோப்பியர் ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு அனுப்பித் தடுமாறிய இடத்தில், நம்மிடம் ஆளுக்கொரு சொல் தயாராக இருந்தது. இதில் பெருமையடிக்க ஒன்றுமில்லை. இருந்த சொல்லை எடுத்துப் புழங்கவில்லையே என்கிற வருத்தம்தான்.

இந்தியாவில் இந்தக் கோவைக்கு இன்னொரு பெயரும் கொஞ்ச காலம் இருந்தது. நாஜிகளால் வேலை இழந்த ஜெர்மன் கணிதர் பிரீட்ரிக் லெவி கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். முடிவுள்ள களங்களை அவரிடமிருந்து கற்றவர்களில் ராஜ் சந்திர போஸ் ஒருவர். வயலில் எந்த உரத்தை எந்தப் பாத்தியில் போட்டுச் சோதிப்பது என்ற புள்ளியியல் கேள்விக்குப் போஸ் 1938-இல் கால்வா களத்தை ஏவினார். அதற்குக் கையில் ஆயத்தமான கோவைகள் வேண்டும். 1940-களின் நடுவில் போஸும் சர்வதமன் சௌலாவும் சி. ஆர். ராவும் சேர்ந்து அவற்றைத் தேடி எழுதிய கட்டுரைகளில் அவற்றின் பெயர் ‘மினிமம் ஃபங்ஷன்’. பெயர் நிலைக்கவில்லை; தேடல் நிலைத்தது. 1964-இல் ஆலனென் என்பவரோடு டொனால்ட் நூத் தயாரித்த முடிவுள்ள களங்களின் அட்டவணை வெளியானதும் கல்கத்தாவின் ‘சங்க்யா’ ஏட்டில்தான். இன்னொரு கணக்குத் தீர்ப்பும் உண்டு. ஒன்றோடொன்று செங்குத்தாக நிற்கும் லத்தீன் சதுரங்கள் சில அளவுகளில் அமையவே அமையாது என்று 1782-இல் ஊகித்தவர், நம் சொல்லைத் தந்த அதே ஆய்லர். 1959-இல் அந்த ஊகத்தைப் பொய்யாக்கிய மூவரில் போஸும் ஸ்ரீகண்டேயும் இந்தியர். நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் போட்டது.

மறு வருஷம், 1960-இல், போஸும் அவருடைய மாணவர் ராய்-சௌதுரியும் பிழை திருத்தும் குறியீடு ஒன்றைக் கொடுத்தார்கள். அதே வருஷம் ரீடும் சாலமனும் இன்னொன்றைக் கொடுத்தார்கள். இரண்டும் இன்று திருப்பூரில் பேக்கிங் மேஜை ஒவ்வொன்றிலும் இருக்கின்றன, க்யூஆர் என்ற பெயரில். 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் கார் உதிரிப்பாகங்களின் போக்கைக் கண்காணிப்பதற்காக மசாஹிரோ ஹாராவின் குழு உண்டாக்கிய அந்தக் கட்டம், இன்றைக்கு ஹேங்டேக்கில் இருக்கிறது, கார்ட்டனில் இருக்கிறது, பேக்கரியில் டீக் கிளாஸ் பக்கத்தில் இருக்கிறது. 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதலுக்கு மேல் என்று தொடங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடி என்று இறங்கிய மின் விலைப்பட்டியல் விதியால், பில்லிலும் இருக்கிறது.

மை தேய்ந்தும், டேப் ஒட்டியும், மூலை கிழிந்தும் அது ஸ்கேன் ஆவது எப்படி? கட்டத்தில் உள்ள தகவலை எட்டெட்டுப் புள்ளியாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை ஓர் எண். அவற்றைக் கெழுக்களாக வரிசையில் கோத்தால் ஒரு கோவை. அதை முன்பே தீர்மானித்த ஒரு கோவையால் வகுத்து, வந்த மீதியையும் கூடவே அச்சடித்துவிடுகிறார்கள். படிக்கிற போன் மறுபடி கணக்குப் பார்க்கும். மீதி ஒத்துவராவிட்டால் எங்கே கெட்டது, என்னவாக இருந்திருக்க வேண்டும் என்று கண்டுபிடித்துவிடும். நான்கு தரத்தில் உச்சத் தரம் என்றால் ஏறக்குறைய 30 சதவீதம் கெட்டாலும் மீட்டுவிடலாம். இதற்கு ஒவ்வோர் இடத்துக்கும் தனி முகவரி வேண்டும். அந்த முகவரிகள்தான் ஒரு முதனிலையின் அடுக்குகள். க்யூஆர் எடுத்துக்கொண்டிருக்கும் கோவை ம⁸ + ம⁴ + ம³ + ம² + 1. இதில் ம-வின் அடுக்குகள் 255 அடி நடந்து, பூஜ்யம் நீங்கிய 255 எண்ணையும் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்பும்.

இதில் ம² இருக்கும் இடத்தில் ம என்று போடுங்கள்: ம⁸ + ம⁴ + ம³ + ம + 1. இதுவும் பகாதது. ஆனால் ம இங்கே 51 அடியிலேயே திரும்பிவிடும். க்யூஆருக்கு இது உதவாது. முதல் இடத்துக்கும் ஐம்பத்திரண்டாம் இடத்துக்கும் ஒரே கதவிலக்கம் ஆகிவிடும், தபால்காரர் எங்கே போவார்? ஆனால் இந்தக் கோவை வேலையில்லாமல் இல்லை. டேமனும் ரைமனும் வடிவமைத்து, 2001-இல் அமெரிக்கத் தர நிறுவனம் ஏற்றுக்கொண்ட ஏஇஎஸ் மறையாக்கம் இதன்மேல்தான் நிற்கிறது. அங்கே உடையாமல் இருந்தால் போதும். எல்லாரையும் பார்த்துவர வேண்டிய கட்டாயமில்லை. ஆகவே சனிக்கிழமைச் சம்பளத்தைப் போனில் வாங்கிக்கொண்டு போய் மளிகைக் கடையில் ஸ்கேன் செய்கிற டெய்லர், கட்டத்தைப் படிக்க ‘பின்னு’வையும், பணத்தை மறைத்து அனுப்ப ‘மற்று’வையும் நம்பியிருக்கிறார். எட்டாம் படியில் பகாக் கோவை 30; முதனிலையானவை 16.

தூத்துக்குடிக்குப் போகிற கன்டெய்னர் லாரியின் ஜிபிஎஸ்ஸிலும் இதே கதைதான். ம¹⁰ + ம³ + 1 அதில் ஒரு கோவை; 1023 அடிக்கு ஒருமுறை, மில்லி விநாடிக்கு ஒருமுறை, வானத்திலிருந்து அதே கோடு திரும்பி வருகிறது. நண்பரின் துணிதான், கொஞ்சம் பெரிய மெஷின்.

ஆகவே என் கட்சி இது. கெழுக்களுக்குப் பொதுக் காரணி இல்லாததற்குப் ‘பொதுக்காரணியிலாக் கோவை’ என்று நீட்டிச் சொல்லிவிட்டுப் போகலாம். அது சில பக்கங்களில் வந்துபோகிற சொல். எல்லாவற்றையும் பெறுவதற்கு ‘முதனிலைக் கோவை’ என்று வைத்துக்கொள்வோம். ‘ஆதி’ என்றோ ‘தொன்மை’ என்றோ வைத்தால் 15 வேலம்பாளையத்தில் விலைபோகாது. பனியன் என்ற சொல்லே குஜராத்தி வணிகரின் பெயரில் கிளம்பி, போர்ச்சுகீசியர் வாயிலும் ஆங்கிலேயர் உடம்பிலும் இருந்துவிட்டு இங்கே வந்து உள்ளாடை ஆகியிருக்கிறது. இலக்கணத்திலிருந்து ஒரு சொல் நிட்டிங் ஃபேக்டரிக்கு வருவது ஒன்றும் அத்தனை தூரமில்லை.

நண்பருக்கு இந்தச் சொல்லாராய்ச்சியில் பெரிய அக்கறை இல்லை. ஒரு கோர்ஸ் ஒரு கோடு என்றால் கண்ணுக்கே தெரியாது, கலந்து சாம்பலாகத் தெரியும் என்றார். சரி, கோட்டுக்கு மூன்று ஃபீடர் கொடுங்கள் என்றேன். 45 ஃபீடரில் ஒரு ரிப்பீட், சுற்றுக்கு இரண்டு. பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்தி, “பாதிக்குப் பாதி நூலுன்னுதானுங் பையருகிட்டச் சொல்லிப்போட்டேன்” என்றார். முழு வெள்ளை நாலு கோட்டை வெளியே விட்டோமே, அதனால் பதினைந்தில் கருப்பு 8, வெள்ளை 7. 90 ஃபீடருக்குக் கருப்பு 48 கோன், வெள்ளை 42. சாயம் போட்ட நூல் ஆறு கோன் கூடுதல். கருப்பையும் வெள்ளையையும் தலைகீழாக்கினாலும் இதே டிசைன்தான், கருப்பு 42 ஆகிவிடும் என்றேன். அவர் பென்சிலைத் திருப்பி 1-ஐயெல்லாம் 0 ஆக்க ஆரம்பித்தார்.